பிறந்த நாளின் முதலிடப் பாடல்: ஹாட் 100இல் தேடுவதா, பிரிட்டன் பட்டியலிலா?

பிறந்த அன்று முதலிடத்தில் இருந்த பாடலைத் தேடும் பலரும் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100, பிரிட்டனின் அதிகாரபூர்வ சிங்கிள்ஸ் பட்டியல் ஆகிய இரண்டு வாராந்தரப் பாடல் தரவரிசைகளில் எதைப் பார்ப்பது என்று தயங்குகிறார்கள்.

காலம்: ஹாட் 100 தொடங்கியது 1958 ஆகஸ்டில், பிரிட்டன் பட்டியலோ 1952 நவம்பரிலேயே தொடங்கிவிட்டது.

கணக்கு: ஹாட் 100 விற்பனையோடு வானொலி ஒலிபரப்பையும் சேர்த்துக்கொண்டது, பிரிட்டன் பட்டியல் நெடுங்காலம் விற்பனையை மட்டுமே எண்ணி, 2014இல்தான் ஸ்ட்ரீமிங்கைச் சேர்த்தது.

நம்பகத்தன்மையில்தான் கவனம் தேவை. 1960களில் பிரிட்டனில் பல இதழ்கள் தனித்தனிப் பட்டியல்களை வெளியிட்டதால், 1963இல் பீட்டில்ஸின் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' சில இதழ்களில் முதலிடம் பெற்றும், இன்று அதிகாரபூர்வமாகக் கொள்ளப்படும் பட்டியலில் இரண்டாம் இடத்திலேயே நிற்கிறது. அந்த ஆண்டுகளில் பிறந்தவர்கள் ஒரே விடையோடு நின்றுவிடக் கூடாது என்பேன். ஹாட் 100இலும் ஒரு சிக்கல் உண்டு: அதில் அச்சிடப்பட்டிருக்கும் தேதி, கணக்கெடுத்த வாரத்துக்குப் பிந்தையது.

1952 நவம்பருக்கும் 1958 ஆகஸ்டுக்கும் இடையில் பிறந்தவர்களுக்கும், மக்கள் காசு கொடுத்து வாங்கிய பாடலை அறிய விரும்புவோருக்கும் பிரிட்டன் பட்டியல் பொருந்தும். அன்று அமெரிக்க வானொலிகளில் ஓயாமல் ஒலித்ததையும் கணக்கில் கொள்ள விரும்புவோருக்கு ஹாட் 100தான் ஏற்றது.