தரம் 10 விஞ்ஞானம்: வினாத்தாள் பயிற்சியா, பாடநூலும் சொந்தக் குறிப்புமா?

மூன்றாம் தவணைப் பரீட்சை நெருங்கினால் தரம் 10 பிள்ளை இருக்கிற வீட்டில் பேச்சு கடைசியில் விஞ்ஞானத்தில்தான் வந்து நிற்கும். எங்கள் வீட்டில் தம்பிக்கு அந்த முறை வந்தபோது மூன்று வழிகளை யோசித்தோம். ஹட்டனில் டியூஷன் வகுப்புக்கு அனுப்பலாம். மாதிரி வினாத்தாள் தொகுப்பு வாங்கி ஒன்றுவிடாமல் செய்ய வைக்கலாம். இல்லையென்றால் பாடசாலையில் இலவசமாகக் கொடுத்த பாடநூலையே எடுத்து, அலகு அலகாகக் குறிப்பு எழுதிப் படிக்கலாம். நாங்கள் மூன்றாவது வழியில் போனோம். வினாத்தாள்களைக் கடைசி வாரங்களுக்கு வைத்துக்கொண்டோம். இப்போது இன்னொரு பிள்ளைக்கு யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

டியூஷனைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நல்ல ஆசிரியர் கிடைத்தால் அதற்கு ஈடில்லை. தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போய்வரும் பஸ் காசு, வகுப்புக் கட்டணம், மழையும் பனிமூட்டமுமான மாலையில் கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் பதற்றம் எல்லாம் மலையகத்தில் எல்லோருக்கும் தெரிந்தவை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பாடசாலையில் விஞ்ஞானத்துக்கு ஆசிரியரே இல்லாத பிள்ளைக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது. அந்தப் பிள்ளைக்கு யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும். தோட்டப்புறப் பாடசாலைகளில் அந்த நிலை இன்னும் தீரவில்லை என்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

யூடியூப் பாடங்களையும் சிலர் நம்புகிறார்கள். விளங்கிக்கொள்ள உதவும், சரி. ஆனால் தமிழ்நாட்டுப் பாடங்களைப் பார்க்கும்போது கவனம் தேவை. அங்கே ‘நிறை’ என்பது கிலோகிராமில் அளப்பது. நம் இலங்கைப் பாடநூலில் அதற்குத் ‘திணிவு’ என்று பெயர். ‘நிறை’ என்றால் நியூற்றனில் சொல்லும் விசை. இதைக் கவனிக்காத பிள்ளை கணக்கைச் சரியாக விளங்கியும் புள்ளியை இழக்கும்.

இனி உண்மையான போட்டிக்கு வருவோம்.

வினாத்தாள் செய்வதால் நன்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் விஞ்ஞானத்தில் பகுதி ஒன்றுக்கு ஒரு மணித்தியாலத்தில் 40 பல்தேர்வு வினாக்கள். ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம். பகுதி இரண்டில் அமைப்புக் கட்டுரை (சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துக் கேட்கும் வினா) நான்கையும் எழுத வேண்டும், கட்டுரை வினாக்கள் ஐந்தில் மூன்றைத் தெரிவு செய்ய வேண்டும். தவணைப் பரீட்சைகளும் பெரும்பாலும் இந்த அச்சில்தான் வருகின்றன. மணிக்கூட்டை வைத்துச் செய்து பழகாத பிள்ளை, தெரிந்த விடையையும் எழுத நேரமில்லாமல் தவிக்கும். எந்த வினாவைத் தொடுவது, எதை விடுவது என்ற கணிப்பும் செய்து செய்துதான் வரும். மத்திய மாகாணம், ஊவா மாகாணத் தவணை வினாத்தாள்களும் தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் வினாத்தாள்களும் போட்டோகொப்பியாகக் கைமாறுகின்றன. தேடினால் கிடைக்காத பொருள் இல்லை.

தொகுப்பை வாங்கும்போது ஒன்றைப் பார்க்க வேண்டும். சாதாரண தரக் கடந்தகால வினாத்தாளில் தரம் 10 பாடமும் தரம் 11 பாடமும் கலந்திருக்கும். தரம் 10 பிள்ளை அதை எடுத்து உட்கார்ந்தால், இன்னும் படிக்காத ஒளியியல், ஐதரோகாபன் கேள்விகளைப் பார்த்துத் தனக்கு ஒன்றுமே தெரியாது என்று பயந்துவிடும். இந்தப் பரீட்சைக்குத் தரம் 10 தவணை வினாத்தாள்களே போதும்.

எனக்கு வினாத்தாள் முதல் வழியாகப் படாததற்குக் காரணம் வேறு. வினாத்தாளையே பிடித்துக்கொண்ட பிள்ளை “அக்கா, இது பரீட்சைக்கு வருமா?” என்றுதான் ஒவ்வொரு பக்கத்திலும் கேட்கும். வராது என்று தோன்றியதைத் தள்ளிவிடும். தரம் 10 இல் அப்படித் தள்ளிய ஒன்று தரம் 11 இல் எதிரே வந்து நிற்கும். நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இந்த ஒன்றுக்காகத்தான்.

மூல் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருளில் எவ்வளவு துணிக்கைகள் இருக்கின்றன என்று சொல்லும் அலகுதான் மூல். 9 கிராம் நீரில் எத்தனை மூல் என்று கேட்டால், மூலர்த்திணிவு (ஒரு மூலின் திணிவு) 18 ஆல் வகுத்து 0.5 என்று எழுதலாம். நாலு வினாத்தாளில் பார்த்த பிள்ளைக்கு அது கைப்பழக்கமாக வந்துவிடும். ஏன் 18 ஆல் வகுக்கிறோம், ஒரு மூல் என்றால் என்ன என்று விளங்காமலே தரம் 10 பரீட்சையில் அந்தப் புள்ளியை எடுத்துவிடலாம். அடுத்த வருடம் கலவைகள் அலகில் கரைசலின் செறிவு வரும். 58.5 கிராம் சோடியங்குளோரைட்டைக் கரைத்து 1 கன டெசிமீற்றர் கரைசலாக்கினால் செறிவு என்ன என்று கேட்பார்கள். மூல் விளங்காத பிள்ளைக்கு அங்கே பிடிக்க ஒன்றும் இருக்காது. தாக்கங்களின் வெப்ப மாற்றம் வரும்போதும் அதே மூல்தான் வேண்டும்.

மின்னும் அப்படியே. தரம் 10 இல் மின்னோட்டம், அழுத்த வேறுபாடு, தடை, ஓமின் விதி. தரம் 11 இல் மின்னுபகரணங்களின் வலு. 230 வோல்ற்றில் 5 அம்பியர் ஓடும் கேத்தலின் வலு 1150 வாற்று என்று கணிக்க, முந்தைய வருடத்து அழுத்த வேறுபாடு மனதில் தெளிவாக இருக்க வேண்டும். ஆவர்த்தன அட்டவணையும் இரசாயனப் பிணைப்பும் இல்லாமல் அமிலம், மூலம், மின்னிரசாயனம், ஐதரோகாபன் எதற்குள்ளும் நுழைய முடியாது. கலம் தெரியாமல் இழையம் இல்லை. சாதாரண தரப் பரீட்சை இரண்டு வருடப் பாடத்தையும் சேர்த்துக் கேட்கிறது. தரம் 10 இல் எழுதிய நல்ல குறிப்புப் புத்தகம் அடுத்த வருடமும் வேலை செய்யும். செய்து முடித்த வினாத்தாள் கட்டுக்கு அந்த ஆயுள் இல்லை.

குறிப்பு என்றால் பாடநூலைப் பார்த்து எழுதுவதல்ல. ஓர் அலகை வாசித்து, புத்தகத்தை மூடிவிட்டு, தெரிந்ததைத் தன் வசனத்தில் எழுத வேண்டும். அப்புறம் திறந்து, விடுபட்டதை வேறு நிறத்தில் சேர்க்க வேண்டும். அந்த நிறத்தில் உள்ளவைதான் மறுபடி படிக்க வேண்டியவை. படங்களைக் கையால் வரைந்து பெயரிட வேண்டும். உணவுச் சோதனைகளை ஒரு அட்டவணையில் போடலாம்: மாப்பொருளுக்கு அயடீன், கருநீலம், குளுக்கோசுக்குப் பெனடிக்ற், சூடாக்கும்போது நீலம் படிப்படியாக மாறிச் செங்கட்டிச் சிவப்பு, புரதத்துக்குப் பையூரெட், ஊதா. பாடநூலில் ‘செயற்பாடு’ என்று வரும் பகுதிகளைத் தாண்டிப் போகவே கூடாது. அமைப்புக் கட்டுரையில் ஒரு பரிசோதனையைப் படத்தோடு கொடுத்து, ஏன் இப்படிச் செய்தார்கள், என்ன அவதானித்தார்கள் என்று கேட்கும்போது அதுதான் கைகொடுக்கும்.

மெதுவாக வாசிப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. அமுக்கம் பற்றிய அலகைப் படிக்கும்போது, உயரம் கூடக் கூட வளிமண்டல அமுக்கம் குறையும் என்ற இடத்தில் தம்பி நிறுத்திக் கேட்டான்: “அப்போ நுவரெலியாவில் தண்ணீர் எத்தனை பாகையில் கொதிக்கும்?” நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே கிட்டத்தட்ட 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். அதனால்தான் பருப்பு வேக அதிக நேரம் எடுக்கிறது. அதற்குப் பிறகு அந்த அலகை அவனுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

இந்த வழியின் குறையையும் சொல்ல வேண்டும். இது நேரம் பிடிக்கும். தவணைத் தொடக்கத்திலேயே ஆரம்பித்திருக்க வேண்டும். பக்கத்தில் இருந்து “நீயே சொல்லு, பார்ப்போம்” என்று கேட்க ஒரு அக்காவோ அண்ணாவோ இருந்தால் நல்லது. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு இது எவ்வளவு தூரம் சரிவரும் என்று உறுதியாகச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. தம்பி வாசிக்கத் தயங்காதவன். ஆங்கில மொழிமூலம் படிக்கும் பிள்ளைகளுடனும் நான் இருந்து பார்த்ததில்லை.

பாடநூல் கிழிந்தோ தொலைந்தோ போயிருந்தால் கவலைப்பட வேண்டாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ்மொழிப் புத்தகத்தை இலவசமாக எடுக்கலாம். சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போகும்போது ஒரு தடவை இறக்கி வைத்தால் போதும்.

பரீட்சைக்குச் சில வாரங்களே இருக்கின்றன, புத்தகம் இன்னும் திறக்கவே இல்லை என்றால் ஒழுங்கை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் ஒரு தவணை வினாத்தாளைச் செய்யவிட்டு, எங்கே தடுமாறுகிறது என்று பாருங்கள். பிறகு மூல், இரசாயனப் பிணைப்பு, வேகம்–நேர வரைபு, மின் ஆகிய நான்கையும் பாடநூலிலிருந்தே படிக்க வையுங்கள். மற்ற அலகுகளைத் தவணை விடுமுறையில் எடுக்கலாம். தரம் 11 தொடங்கும் முன் அவற்றுக்கும் குறிப்பு இருக்க வேண்டும்.