ஜெனீவா வழக்கா, நடுவரா, நேரடிப் பேரமா?

இரண்டு நாடுகளுக்குள் வர்த்தகத் தகராறு வந்தால் இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. ஜெனீவாவில் இருக்கும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போடலாம். அங்கே மேல்முறையீடு முடங்கியதால் சில நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட நடுவர் ஏற்பாட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் நேருக்கு நேர் உட்கார்ந்து பேரம் பேசலாம். எதிரில் இருப்பவர் பல மடங்கு பெரியவர் என்றால் எந்த வழி கைகொடுக்கும்? எனக்கு அதுதான் முக்கியம்.

வழக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். 1995இல் கோஸ்டா ரிகாவின் உள்ளாடைகளுக்கு அமெரிக்கா இறக்குமதி உச்சவரம்பு விதித்தது. அந்தச் சின்ன நாடு வழக்குப் போட்டு, 1997 பிப்ரவரியில் மேல்முறையீட்டிலும் வென்றது. அடுத்த மாதம் கட்டுப்பாடு காலாவதியானபோது அமெரிக்கா அதை நீட்டிக்கவில்லை. உலக வர்த்தக அமைப்புக்கு முன்பிருந்த காட் (GATT) என்ற பழைய வர்த்தக ஒப்பந்த முறையில் தோற்ற நாடே தீர்ப்பை ஏற்கவிடாமல் தடுக்க முடியும். 1995க்குப் பிறகு, வென்ற நாடு உட்பட அத்தனை உறுப்பினர்களும் வேண்டாம் என்றால்தான் தீர்ப்பைத் தள்ள முடியும். வென்றவர் அப்படிச் சொல்வாரா என்ன?

சரி, வென்றால் போதுமா? கரீபியன் கடலின் குட்டித் தீவு நாடான ஆன்டிகுவாவைப் பாருங்கள். இணையச் சூதாட்ட வழக்கில் 2005இல் அமெரிக்காவுக்கு எதிராக வென்றது. ஆண்டுக்கு 2.1 கோடி டாலர் அளவுக்குப் பதிலடி தரலாம் என்று 2007இல் நடுவர்கள் அனுமதித்தார்கள். ஆனால் இறக்குமதியை நம்பி வாழும் தீவு அமெரிக்கப் பொருளுக்கு வரி போட்டால், விலை ஏறுவது தன் மக்களுக்குத்தான். தீர்ப்பு கையில் இருந்தும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது. அமெரிக்காவின் எஃகு இறக்குமதி வரியை எதிர்த்து 2003இல் வழக்கில் வென்ற ஐரோப்பிய ஒன்றியமோ பதில் வரிப் பட்டியலை நீட்டியது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே அதிபர் புஷ் எஃகு வரியை விலக்கிக்கொண்டார். சட்டம் ஒன்றுதான், அதை அமல்படுத்த வைக்கும் பலம்தான் வேறு.

இப்போது அந்தச் சட்டத்துக்கும் பாதி உயிர்தான். மேல்முறையீட்டு அமைப்பில் 7 இடங்கள், ஒரு வழக்கை விசாரிக்க 3 பேர் வேண்டும். அமெரிக்கா புதிய நியமனங்களைத் தொடர்ந்து தடுத்ததால் 2019 டிசம்பரில் ஒருவர்தான் மிஞ்சினார். அதற்கப்புறம் தோற்ற நாடு ஆளில்லாத அமைப்பில் மேல்முறையீடு செய்துவிட்டால் போதும், தீர்ப்பு அப்படியே தொங்கும். சர்க்கரை வழக்கில் இந்தியா, நிக்கல் வழக்கில் இந்தோனேசியா, எஃகு, அலுமினிய வழக்குகளில் அமெரிக்கா என்று மூன்றுமே இதைச் செய்தன. நியாயம் தங்கள் பக்கம் என்று ஒவ்வொன்றும் சொல்லலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் கேட்க ஆள் இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

இந்த ஓட்டையை அடைக்க 2020இல் வந்ததுதான் இடைக்கால நடுவர் ஏற்பாடு. ஐரோப்பிய ஒன்றியம், சீனா, பிரேசில், கனடா, ஆஸ்திரேலியா எல்லாம் இதில் உண்டு. ஜப்பான் 2023இல் சேர்ந்தது. இதன் முதல் தீர்ப்பு, ஐரோப்பாவிலிருந்து வரும் உறைந்த உருளைக்கிழங்கு வறுவலுக்குக் கொலம்பியா போட்ட வரி பற்றியது. 2022 அக்டோபரில் மேல்முறையீடு, டிசம்பரில் தீர்ப்பு. 90 நாள் கெடுவுக்குள் முடிந்தது. குறை ஒன்றுதான், பெரிய குறை: அமெரிக்கா இதில் இல்லை. இரு தரப்பும் உள்ளே இருந்தால்தான் பயன்.

பேரம் வேகமானது என்பார்கள். கனடாவிலிருந்து வரும் மென்மரத்துக்கு (கட்டுமானப் பலகைக்கான மரம்) அமெரிக்கா போட்ட வரி பற்றிய வழக்கைக் கேளுங்கள். நாஃப்டா என்ற வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தின் தீர்ப்புக் குழுக்கள் கனடா பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகும், 2006 உடன்பாட்டில் அமெரிக்கா வசூலித்திருந்த சுமார் 500 கோடி டாலரில் 400 கோடிதான் திரும்பியது. மிச்சம் அமெரிக்காவிலேயே நின்றது. வென்றவருக்கே இந்தக் கதி என்றால், தீர்ப்பே இல்லாமல் மேசைக்கு வரும் நாட்டின் நிலைமை என்ன? இன்னொன்றும் உண்டு. பேரத்தில் கிடைக்கும் சலுகை பெரும்பாலும் அந்த இருவருக்கு மட்டுமே. அதே பொருளை விற்கும் மூன்றாவது நாடு வெளியே நிற்கும்.

பேரம் நன்றாக முடிந்த இடத்தில் பின்னால் ஒரு வழக்கு இருந்தது. 2020இல் ஆஸ்திரேலிய பார்லிக்குச் சீனா 80.5 சதவீத வரி போட்டது. ஆஸ்திரேலியா வழக்குத் தொடுத்தது. 2023 ஏப்ரலில் வழக்கை நிறுத்திவைத்து, வரியை மறுஆய்வு செய்யுமாறு கேட்டது. ஆகஸ்டில் வரி நீங்கியது. இரு நாட்டு உறவு சீரானதும் ஒரு காரணம்தான். ஆனால் விசாரணை முடியும் தறுவாயில் இருந்தது மேசையில் அழுத்தம் தந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அதனால் என் தேர்வில் தயக்கம் இல்லை. எதிராளி நடுவர் ஏற்பாட்டில் இருந்தால் அங்கே போக வேண்டும். இல்லையென்றாலும் முதலில் வழக்கு, பிறகு பேச்சு. செலவுக்குப் பயப்படும் ஏழை நாடுகளுக்கு 2001 முதல் ஜெனீவாவில் குறைந்த கட்டணச் சட்ட ஆலோசனை மையம் இருக்கிறது. நடுவர் ஏற்பாட்டில் சேரவும் உலக வர்த்தக அமைப்புக்கு ஓர் அறிவிப்பு அனுப்பினால் போதும். அதை வெளியே நிற்கும் நாடுகள் அடுத்த தகராறு வருவதற்கு முன்பே அனுப்பிவிட வேண்டும்.