70 டாலர் போனது: ‘பரிந்துரைக்கப்படும் கணினி’ பட்டியலை நம்பி வாங்காதீர்கள்

மூன்று நாளுக்கு முன் ஒரு கணினி விளையாட்டை வாங்கி 70 டாலரை இழந்திருக்கிறேன். வாங்குமுன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. அந்த இணையக் கடையில் ‘பரிந்துரைக்கப்படும் கணினி’ என்ற பட்டியலை வரி வரியாகச் சரிபார்த்தேன். பிராசஸர், 16 ஜிபி நினைவகம், 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, எல்லாமே என்னிடம் இருந்தன. ‘1080பி, நொடிக்கு 60 பிரேம்’, அதாவது அந்தத் திரைத் தெளிவில் நொடிக்கு 60 படம், என்று போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் பணம் கட்டினேன். அதன் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்: அந்த 60, பிரேம் ஜெனரேஷனையும் சேர்த்த கணக்காம். உண்மையில் விளையாட்டு வரைவது 30 பிரேம். இடையிடையே செயற்கைப் பிரேம்களைச் செருகி 60 என்று காட்டுகிறார்கள். மவுஸை அசைக்கும் கைக்குத் தெரிவது அந்த 30தான். இதைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் யார் 70 டாலர் கொடுப்பார்கள்?

முதல் முறை திறந்ததும் ‘ஷேடர்கள் தயாராகின்றன’ என்று 40 நிமிடம் காக்க வைத்தது. ஷேடர் என்பது காட்சியை வரையக் கார்டில் ஓடும் சிறு நிரல். அடுத்து வந்த முன்கதை முழுவதும் குறுகலான நிலவறைகளில் நடக்கிறது. துளித் தடங்கல் இல்லை. நல்ல பொருளைத்தான் வாங்கியிருக்கிறோம் என்று மகிழ்ந்துபோனேன். நிலவறையிலிருந்து நகரத்துக்குள் கால் வைத்தேன், தொலைந்தது. தெருமுனைக்குத் தெருமுனை படம் அரை நொடி உறைகிறது. 60 பிரேம் வேண்டுமென்றால் ஒவ்வொரு பிரேமும் 16.7 மில்லி நொடிக்குள் வந்தாக வேண்டும். அரை நொடி என்றால் 30 பிரேம் காணவில்லை. மூலையில் தெரியும் சராசரி மட்டும் 55 என்று அசையாமல் நிற்கிறது! தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கியும் பயனில்லை. 16 ஜிபி கார்டு வைத்திருக்கும் நண்பனுக்கும் அதே தெருமுனையில் அதே உறைவு. உறையும் நேரத்தில் கார்டின் பயன்பாடு சரிகிறது, பிராசஸருக்குள் இருக்கும் கணிப்பகுதிகளில் (கோர்) ஒன்றே ஒன்று மட்டும் முழுதாகத் திணறுகிறது. இதற்கு எந்தக் கார்டை வாங்கி மாட்டுவது?

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருக்க வேண்டுமாம். என் கணக்கில் 2 மணி 20 நிமிடம். அதில் 40 நிமிடம் நான் ஷேடருக்காகக் காத்துக் கிடந்தது! அதைச் சொன்னதற்கு, ‘தயாரிப்பாளரை அணுகுங்கள்’ என்றது கடை. தயாரிப்பாளர், ‘கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதுப்பியுங்கள்’ என்றார்கள். புதுப்பித்தேன். டிரைவர் மாறியதால் பழைய ஷேடர்கள் செல்லாமல்போய், மறுபடியும் 40 நிமிடம். உறைவு அப்படியே இருந்தது. திரும்பக் கேட்டால், ‘கடையை அணுகுங்கள்’. இன்று காலை கடை என் கோரிக்கையை முடித்துவைத்துவிட்டது. 70 டாலர்!

முடியாததையா கேட்டேன்? 2015 ஜூனில் ‘பேட்மேன்: ஆர்க்கம் நைட்’ கணினிப் பதிப்பு இப்படித் திணறியபோது அதன் விற்பனையையே நிறுத்திவைத்தார்கள். 2020 டிசம்பரில் ‘சைபர்பங்க் 2077’ஐ சோனி தன் பிளேஸ்டேஷன் கடையிலிருந்து எடுத்துவிட்டு, அங்கே வாங்கித் திருப்பிக் கேட்டவர்களுக்குப் பணத்தைக் கொடுத்தது.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. முன்பதிவு செய்யாதீர்கள். பொடி எழுத்தைப் படியுங்கள். சராசரி பிரேமை நம்பாமல் ‘1 சதவீதக் குறைந்த அளவு’, அதாவது மிக மோசமான தருணங்களில் நொடிக்கு எத்தனை பிரேம் வருகிறது, என்ன என்று பாருங்கள். ஷேடர் ஓடும் நேரமும் விளையாடிய கணக்கில் ஏறும், ஆகவே 2 மணி நேரம் முடிவதற்குள் எப்படியாவது திறந்தவெளிப் பகுதிக்குப் போய்ப் பார்த்துவிடுங்கள்.