பாயிண்டில் ரூம் போட்டிருக்கிறீர்களா? செக்-இன் கவுன்டரில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

ஹோட்டல் பாயிண்டை (ஒரே குழுமத்து ஹோட்டல்களில் தங்கத் தங்கச் சேர்ந்து, பிறகு வாடகைக்குப் பதிலாகச் செலவழிக்கும் புள்ளிகள்) வைத்துச் சென்னையில் ரூம் போடப் போகிறவர்கள், அதிலும் முகூர்த்த நாளில் போடப் போகிறவர்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உறுதியான பாயிண்ட் புக்கிங்கை "ஆள் வரவில்லை" என்று எழுதி முடித்துவிட்டு, அதே ஆளிடம் அதே இரவுகளுக்கு முழு வாடகையும் வாங்கியிருக்கிறார்கள். ஆள் வந்தார், தங்கினார், காலையில் அவர்கள் ரெஸ்டாரண்டிலேயே இட்லி சாப்பிட்டார். ஹோட்டல் பெயரை இங்கே போடவில்லை. எப்படிச் செய்தார்கள் என்பதுதான் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

நான் தண்டையார்பேட்டை. மண்ணடியில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் ஆபீஸில் வேலை. துறைமுக வேலையாக நவ சேவா, முந்த்ரா என்று போய்வரும்போது ஒரே குழுமத்தின் ஹோட்டல்களில் தங்குவதால் பாயிண்ட் சேர்ந்திருந்தது. தை மாதம் அக்கா மகளுக்கு ராயபுரத்தில் கல்யாணம், கல்மண்டபம் பக்கம் மண்டபம். தூத்துக்குடியிலிருந்து பெரியம்மா, பெரியப்பா, அவர்கள் மகன், அதாவது எனக்கு அண்ணன், குடும்பம் எல்லோரும் வருகிறார்கள். பெரியம்மாவுக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன் ஆகி அதிக நாள் ஆகவில்லை. எங்கள் வீட்டில் படி குறுகல், பாத்ரூம் கீழே. அதனால் பாயிண்டை அவர்களுக்காகச் செலவழிப்பது என்று முடிவு செய்தேன்.

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் என் பாயிண்ட் செல்லும் ஹோட்டல் கிடையாது. இருந்தவை இரண்டு: பாரிமுனைக்கும் சென்ட்ரலுக்கும் நடுவில் ஒன்று, மவுண்ட் ரோடு பக்கம் ஒன்று. முதலாவதில் ஓர் இரவுக்கு 13,000 பாயிண்ட், பணமாகக் கொடுத்தால் 6,900 ரூபாயும் 5 சதவீத வரியும். இரண்டாவதில் 17,000 பாயிண்ட், பணமாக 9,500 ரூபாயும் 18 சதவீத வரியும். வரியோடு சேர்த்து வகுத்தால் முதல் ஹோட்டலில் ஒரு பாயிண்டுக்கு சுமார் 56 பைசா, இரண்டாவதில் சுமார் 66 பைசா மதிப்பு. பாயிண்ட் கணக்கு மட்டும் பார்க்கிறவர்கள் மவுண்ட் ரோடு என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் கல்யாணம் ராயபுரத்தில். சாயங்கால ரிசப்ஷனுக்கு மவுண்ட் ரோட்டிலிருந்து வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, ராத்திரி திரும்ப அனுப்பி, விடிவதற்குள் முகூர்த்தத்துக்கு மறுபடி அழைத்து வர வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி வரிசை கட்டி நின்றால் ராயபுரம், காசிமேடு பக்கம் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். பாரிமுனைப் பக்கம் என்றால் பெரியவர்களுக்கு ஆட்டோ, இளசுகள் மண்ணடியில் மெட்ரோ ஏறினால் அடுத்த ஸ்டேஷன் வண்ணாரப்பேட்டை. 2019-இல் வண்ணாரப்பேட்டை வரை மெட்ரோ வந்த பிறகு எங்களுக்குக் கிடைத்த பெரிய வசதி அது. ஒரு பாயிண்டுக்குப் பத்துப் பைசா கூடக் கிடைக்கிறது என்பதற்காகப் பெரியம்மாவின் காலை அலைக்கழிக்க முடியாது. அந்த முடிவு சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

இரண்டு ரூம், இரண்டு இரவு, 52,000 பாயிண்ட். பாயிண்ட் ரூமில் உறுப்பினர் அல்லாதவர் தங்கினால் தங்குபவர் பெயரை முன்பே சேர்க்க வேண்டும், அதையும் சேர்த்தேன். பிறகு ஹோட்டலுக்கு மெயில் போட்டேன்: முழங்கால் ஆபரேஷன் ஆனவர் வருகிறார், லிஃப்ட் உள்ள கட்டடத்தில் ரூம் வேண்டும், காலை உணவு உண்டா என்று. "மெயின் பில்டிங், லிஃப்ட் உண்டு, ரூமுக்கு இரண்டு பேருக்குக் காலை உணவு சேர்த்தி" என்று பதில் வந்தது. அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

முத்துநகர் எக்ஸ்பிரஸில் எழும்பூர் வந்து, எங்கள் வீட்டில் குளித்துச் சாப்பிட்டு, இரண்டு மணிக்குச் செக்-இன் செய்யப் போனோம். கவுன்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "மேடம், பாயிண்ட் ரூம் எல்லாம் எதிர்க்க அனெக்ஸ்லதான்" என்றார். தெருவுக்கு அந்தப் பக்கம் பழைய கட்டடம், இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. மெயிலைக் காட்டினேன். "அது ரிசர்வேஷன்ல போட்டிருப்பாங்க மேடம். இன்னிக்கி முகூர்த்தம், ஹவுஸ் ஃபுல். இது ஃப்ரீ ரூம்தானே, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்றார்.

ஃப்ரீ ரூம் என்ற பேச்சை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அந்தப் பாயிண்ட் ஒவ்வொன்றும் அதே குழுமத்துக்குக் கொடுத்த வாடகையிலிருந்து வந்தது.

ராத்திரி முழுக்க ரயிலில் காலைத் தொங்கப் போட்டு வந்ததில் பெரியம்மாவின் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்து கோடாகத் தெரிந்தது. "எனக்கு என்னத்துக்கும்மா இவ்வளவு, உங்க வீட்லயே ஒரு ஓரமா படுத்துக்கிடுவேன்" என்று எழுந்திருக்கப் பார்த்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் கவுன்டர்காரர் அடுத்ததைச் சொன்னார்: "ஒரு ரூம் வேணா மெயின் பில்டிங்ல டீலக்ஸ் தர்றேன். ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம்தான் டிஃபரன்ஸ்." எழுதிக் கொடுங்கள் என்றேன். "சிஸ்டத்துல போட்டுடறேன் மேடம்" என்றார். அண்ணனும் அண்ணியும் பிள்ளைகளும் அனெக்ஸுக்குப் போக, பெரியம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் டீலக்ஸ் எடுத்தோம். டெபாசிட் என்று அண்ணன் கார்டில் 20,000 ரூபாய் பிடித்து வைத்தார்கள். ரெஜிஸ்ட்ரேஷன் கார்டை, அதாவது தங்குபவர் விவரம் எழுதும் படிவத்தை, நீட்டினார்கள், அண்ணன் கையெழுத்துப் போட்டார். வாடகைக் கட்டம் காலியாக இருந்தது. எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாலும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது என் தொழில் பழக்கம். எடுத்து வைத்தேன்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் செக்-அவுட்டில் பில்லை மெயிலில் அனுப்புகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ராத்திரி அண்ணன் எனக்கு அனுப்பினார். டீலக்ஸ் ரூம், ஓர் இரவுக்கு 7,800, இரண்டு இரவுக்கு 15,600, வரி 2,808, ஆகமொத்தம் 18,408 ரூபாய். தொள்ளாயிரம் என்ற பேச்சே அதில் இல்லை. குழுமத்தின் ஆப்பைத் திறந்து பார்த்தால், பெரியம்மா பெயரில் போட்டிருந்த பாயிண்ட் புக்கிங்குக்கு நேராக "நோ-ஷோ", அதாவது ஆள் வரவில்லை, என்று இருக்கிறது. 26,000 பாயிண்டும் போயிருக்கிறது.

ரெஜிஸ்ட்ரேஷன் கார்டின் நகலைக் கேட்டு வாங்கினேன். அண்ணன் கையெழுத்து நீல மையில் இருக்கிறது. வாடகைக் கட்டத்தில் கறுப்பு மையில் "7800+டாக்ஸ்" என்று வேறு கையெழுத்து. என் போட்டோவில் அதே கட்டம் வெறுமையாக இருக்கிறது.

இதில் வரியும் ஒளிந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. 6,900-க்கு வரி 345 ரூபாய்தான், 7,800-க்கு 1,404. வாடகை தொள்ளாயிரம் ஏறினால் கையை விட்டுப் போவது கிட்டத்தட்ட இரண்டாயிரம். கவுன்டரில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஹோட்டல்காரர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பாயிண்டில் ஒருவர் தங்கினால் அந்த ஹோட்டலுக்குக் குழுமத்தின் பாயிண்ட் கணக்கிலிருந்து ஒரு தொகை வரும். பொதுவாக அது வெளி வாடகையைவிடக் குறைவு. ஹோட்டல் கிட்டத்தட்ட நிரம்பிய நாளில்தான் கூடுதலாகக் கிடைக்கும் வகையில் பல குழுமங்களில் ஏற்பாடு. அதனால் முகூர்த்த நாளில் காசு கொடுத்து வாங்க ஆள் வாசலில் நிற்கும்போது, பாயிண்ட் ரூமை ஒதுக்குப்புறத்துக்குத் தள்ளும் ஆசை சில மேனேஜர்களுக்கு வருகிறது. அது அவர்களுக்கும் குழுமத்துக்கும் உள்ள கணக்கு. அந்தப் பாரம் கால் வீங்கி உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியின் தலையில் விழக் கூடாது.

பிறகு நடந்தது இழுத்தடிப்பு. குழுமத்தின் பாயிண்ட் பிரிவுக்குப் போன் செய்தால், "ஹோட்டல் நோ-ஷோ என்று தெரிவித்திருக்கிறது, அவர்களிடம் கேளுங்கள்." ஹோட்டலில் கேட்டால், "பாயிண்ட் எங்கள் கையில் இல்லை, அவர்களிடம் கேளுங்கள்." பில்லில் ரெஸ்டாரண்ட் பகுதியில் சேவைக் கட்டணமும் போட்டிருந்தார்கள். அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னதையும், 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றதையும் எழுதி அனுப்பினேன். அந்தத் தொகையை மட்டும் மறுபேச்சில்லாமல் திருப்பிவிட்டார்கள். சட்டம் தெரியும் என்று காட்டினால்தான் பதிலே வருகிறது.

1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, புகார் கொடுத்தேன். மெயில், வெறும் கட்டம் உள்ள போட்டோ, கறுப்பு மை நகல், பில், ஆப் திரை எல்லாவற்றையும் இணைத்தேன். சில வாரம் கழித்து 26,000 பாயிண்டும் என் கணக்குக்குத் திரும்பியது. ஹோட்டல் தரப்பில் 2,000 ரூபாய்க்குச் சாப்பாட்டு வவுச்சர் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாயிண்டைத் திருப்பியதோடு தீர்ந்தது என்கிறார்கள், தீரவில்லை. பெரியம்மா பாயிண்டில் தங்குவதாகத்தான் பேச்சு, மேற்கொண்டு 900 வீதம் தருவதாகத்தான் ஒத்துக்கொண்டோம். 26,000 பாயிண்டை எடுத்துக்கொள்ளட்டும், ஒத்துக்கொண்ட வித்தியாசத்தையும் அதற்குரிய வரியையும் பிடித்துக்கொள்ளட்டும், மீதிப் பணத்தை அண்ணனுக்குத் திருப்ப வேண்டும். அண்ணன் தூத்துக்குடியில் சின்னதாக எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர். பதினெட்டாயிரம் அவருக்குச் சின்னத் தொகை இல்லை.

எந்த ஹோட்டலைப் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு பாயிண்டுக்கு எத்தனை பைசா என்ற கணக்கைக் கடைசியில் போடுங்கள். குழுமத்துக்குக் குழுமம் அது மாறும். அக்கார் ஹோட்டல்களில் 2,000 பாயிண்டுக்கு 40 யூரோ என்று நிலையாக இருக்கிறது. மேரியட் 2022-இல் நிலையான பட்டியலை எடுத்துவிட்டது, அன்றைய கிராக்கியைப் பொறுத்துப் பாயிண்ட் ஏறும் இறங்கும். கிரெடிட் கார்டு பாயிண்டை ஹோட்டல் கணக்குக்கு மாற்றினால் பொதுவாகத் திரும்பி வராது, ரூம் இருக்கிறது என்று பார்த்த பிறகே மாற்றுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் இரண்டு ஹோட்டலுக்கும் மெயில் போட்டு, பாயிண்ட் ரூம் எந்தக் கட்டடத்தில், எந்த வகை, மூன்றாவது ஆளுக்கு எவ்வளவு, ரத்து செய்யக் கடைசி நேரம் எது என்று கேளுங்கள். பதில் வராத ஹோட்டலை விட்டுவிடுங்கள். கவுன்டரில் ரூம் மாற்றினால், "பழைய பாயிண்ட் புக்கிங் அப்படியே இருக்கிறது, மேல்கட்டணம் மட்டும் இவ்வளவு" என்று ஹோட்டல் மெயில் ஐடியிலிருந்து ஒரு வரி வரும் வரை கார்டைக் கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப் போதாது. ரெஜிஸ்ட்ரேஷன் கார்டில் வாடகைக் கட்டம் காலியாக இருந்தால் நீங்களே "பாயிண்ட் புக்கிங்" என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தங்கியிருக்கும்போதே ஆப்பைத் திறந்து புக்கிங் நிலையைப் பாருங்கள். நோ-ஷோ என்று இருந்தால் ரூமில் நிற்கும் போட்டோவோடு அப்போதே மெயில் அனுப்புங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் விட்டுவிடாதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஹோட்டல் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். என் மனுவை அதில்தான் போட்டிருக்கிறேன், அண்ணனும் நானும் சேர்ந்து. கேட்டிருப்பது மீதிப் பணம், பெரியம்மா பட்ட சிரமத்துக்கு நஷ்டஈடு, காலிக் கட்டத்தில் பிறகு எழுதியது யார் என்பதற்கு எழுத்துப்பூர்வமான விளக்கம். ஹோட்டல் தரப்பின் பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் இதே பதிவில் கீழே சேர்க்கிறேன்.