கிளிக்கர் பயிற்சி என்று பணம் வாங்கி, குட்டிக்கு சோக் செயின் போட்டார்கள்

நாய்க்குட்டியைப் பயிற்சிக்கு அனுப்பும் எண்ணத்தில் இருப்பவர்கள், முக்கியமாக ஹாஸ்டலில் தங்கவைத்துப் பழக்கித் தருகிறோம் என்ற விளம்பரத்தைப் பார்த்து முன்பணம் கட்டப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். பணம் போனது ஒரு பக்கம். குட்டிக்கு உண்டான பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

எங்கள் செல்லி சிப்பிப்பாறை என்ற நம் நாட்டு நாய் இனம். மூன்று மாதக் குட்டியாக இருந்தபோது கோவையிலேயே ஒரு ட்ரெய்னரைப் பிடித்தோம். "அடி கிடையாது, மிரட்டல் கிடையாது, முழுக்க முழுக்க கிளிக்கர் முறை" என்பதுதான் அவர் விளம்பரம். கிளிக்கர் என்பது அழுத்தினால் 'டக்' என்று சத்தம் போடும் சின்னக் கருவி. உட்காருவது, படுப்பது, கை கொடுப்பது, கூப்பிட்டால் வருவது எல்லாம் கற்றுத்தருவதாகச் சொன்னார். கட்டணம் 18,000 ரூபாய், மொத்தமும் முன்கூட்டியே ஜிபேயில். அதற்கு மேல் 'கிட்' என்று 2,500 ரூபாய். பையைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் கிளிக்கர், ஒரு விசில், இடுப்பில் கட்டும் தீனிப் பை. அந்தக் கிளிக்கர் ஆன்லைனில் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்கே கிடைக்கிறது. சரி, அதைக்கூட விட்டுவிடலாம்.

வீட்டுக்கு வந்து எடுத்த வகுப்புகளிலேயே கோளாறு தெரிந்தது. குட்டியைக் கூப்பிடுவதற்குக் கிளிக் செய்தார். குரைப்பதை நிறுத்தவும் கிளிக் செய்தார். காதுக்குப் பக்கத்தில் வைத்து டக் டக்கென்று அழுத்தினார். தீனி மட்டும் கொடுக்கவே இல்லை. கேட்டதற்கு, "தீனியைப் பழக்கினா தீனிக்குத்தாங்க மேடம் கேட்கும், உங்களுக்குக் கேட்காது" என்றார்.

கிளிக்கர் என்பது கூப்பிடும் மணி கிடையாது. குட்டி சரியாகச் செய்த அந்த நொடியைச் சுட்டிக்காட்டும் சத்தம் அது. பின்பக்கம் தரையைத் தொடும்போதே 'கிளிக்', உடனே ஒரு சின்னத் தீனி. ஒவ்வொரு கிளிக்குக்கும் தீனி உண்டு. தவறுதலாக அழுத்திவிட்டாலும் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் குட்டி நம்பும். ஆரம்பத்தில் எதையும் செய்யச் சொல்லாமல் கிளிக், தீனி, கிளிக், தீனி என்று மட்டும் பழக்குவார்கள். சத்தம் கேட்டதும் குட்டி ஆவலோடு திரும்பிப் பார்த்தால்தான் அடுத்த கட்டம்.

1940களில் அமெரிக்காவில் உளவியலாளர் ஸ்கின்னரிடம் படித்த கெல்லர் பிரேலண்டும் மரியன் பிரேலண்டும் விலங்குப் பயிற்சியில் கொண்டுவந்த வழி இது. 1960களில் ஹவாயில் டால்பின் பயிற்சியாளர் கேரன் பிரையர் கிளிக்கருக்குப் பதில் விசிலை வைத்து டால்பின்களுக்கு இதே முறையில் கற்றுக்கொடுத்தார். நீந்திப் போகிற டால்பினுக்குச் சங்கிலி போட முடியாது, இழுக்க முடியாது. தானாக விரும்பிச் செய்தால்தான் உண்டு. இந்த முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

அப்புறம் ஹாஸ்டல் பேச்சு வந்தது. "வீட்ல செல்லம் கொடுக்கிறீங்க, அதனாலதான் ஏற மாட்டேங்குது. நம்ம இடத்துல விடுங்க, முடிச்சுத் தர்றேன்" என்றார். தடுப்பூசி அட்டையை நான்தான் எடுத்து நீட்டினேன். அவர் பார்க்கக்கூட இல்லை. பல வீட்டுக் குட்டிகள் ஒன்றாக இருக்கும் இடத்தில் குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் ஒன்றுக்கு வந்தாலே போதும், மற்றவற்றுக்கும் பரவிவிடும். அட்டையைக் கேட்காத இடத்தில் குட்டியை விடவே கூடாது. நேரில் பார்க்க வருகிறோம் என்றபோது, உங்களைப் பார்த்தால் கவனம் சிதறும் என்று தடுத்துவிட்டார். வாட்ஸ்அப்பில் சின்னச் சின்ன வீடியோ வரும். செல்லி உட்காருகிறாள், படுக்கிறாள். வால் மட்டும் வயிற்றோடு ஒட்டிக்கிடக்கிறது.

திரும்பி வந்த அன்று கழுத்துப் பட்டைக்குக் கீழே முடி தேய்ந்து, தோல் சிவந்திருந்தது. சிப்பிப்பாறைக்கு முடி குட்டை, தோல் மெல்லியது, மறைக்க வழியில்லை. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, சங்கிலி இறுகிய தடம் என்றார். வீடியோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பட்டைக்குப் பின்னால், இழுத்தால் கழுத்தை இறுக்கும் மெல்லிய சோக் செயின் தெரிந்தது. அதைவிடக் கொடுமை, கிளிக்கரை எடுத்து ஒருமுறை அழுத்தியதும் செல்லி தரையோடு ஒட்டிப் படுத்துச் சிறுநீர் விட்டுவிட்டாள். கிளிக் செய்யும்போதெல்லாம் சங்கிலியைச் சுண்டியிருக்கிறார்கள். தீனி வரப்போகிறது என்று சொல்ல வேண்டிய சத்தம், வலி வரப்போகிறது என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறது.

போன் செய்தோம். முதலில் மறுத்தார். வீடியோவைக் காட்டியதும், "நாட்டு நாயை இப்படித்தாங்க அடக்கணும்" என்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கர்நாடகத்து நாட்டு இனமான முதோல் ஹவுண்ட் நாய்களை மீரட்டில் நம் ராணுவமே பயிற்சிக்கு எடுத்திருக்கிறது. நம் மண்ணின் நாய்களுக்குப் புத்தி இல்லை, அடித்தால்தான் கேட்கும் என்பது சோம்பேறிப் பயிற்சியாளர்கள் கட்டிவிட்ட கதை. பணத்தைக் கேட்டதற்கு, வீட்டில் பயிற்சியைத் தொடராதது உங்கள் தவறு என்று எழுதிவிட்டு எண்ணைப் பிளாக் செய்துவிட்டார்.

இப்போது நாங்களே பழக்குகிறோம். கிளிக்கரை அடியோடு ஒதுக்கிவிட்டோம். அதற்குப் பதிலாக 'சபாஷ்' என்ற சொல், எப்போதும் ஒரே குரலில். சொன்னதும் பட்டாணி அளவு வேகவைத்த கோழித் துண்டு. கழுத்துப் பட்டையையும் கழற்றிவிட்டு உடம்பில் மாட்டும் ஹார்னஸுக்கு மாறினோம். முதல் வித்தையாக, நீட்டிய உள்ளங்கையை மூக்கால் தொடுவது. அவளை யாரும் தொட வேண்டாம், அழுத்த வேண்டாம், அவளாகவே வந்து தொட வேண்டும் என்பதால் பயந்த குட்டிக்கு இது ஏற்றது. சில நிமிடங்களில் நிறுத்திவிடுவோம், அவள் ஆர்வம் குறையும் முன்பே. இப்போது வாலை ஆட்டிக்கொண்டு வந்து தொடுகிறாள். யாராவது பால்பாயின்ட் பேனாவை அழுத்தினால் மட்டும் இன்னும் ஒடுங்குகிறாள்.

நாய்ப் பயிற்சியாளர் என்று நம் ஊரில் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம். ஆகவே பணம் கொடுக்கும் முன் ஒரு வகுப்பையாவது வேறொருவர் நாயோடு நேரில் பாருங்கள். குட்டி தவறு செய்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "கரெக்ஷன் கொடுப்போம்", அதாவது தண்டித்துத் திருத்துவோம் என்றால், எப்படி என்று செய்து காட்டச் சொல்லுங்கள். கிளிக் செய்துவிட்டுத் தீனி தராதவரை அந்த இடத்திலேயே அனுப்பிவிடலாம். சொல்லாமல் போய்ப் பார்க்க அனுமதி இல்லாத ஹாஸ்டல் வேண்டவே வேண்டாம்.

ஏற்கனவே ஏமாந்தவர்கள் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ஜிபே ரசீது, வீடியோக்கள், மருத்துவர் எழுதிய சீட்டு எதையும் அழிக்காதீர்கள். விலங்குக்குத் தேவையில்லாமல் வலி கொடுப்பது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். பணத்துக்கு முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை. நாங்களும் போட்டிருக்கிறோம், அதனால்தான் இங்கே அந்த ட்ரெய்னரின் பெயரை எழுதவில்லை. இதே அனுபவம் உங்கள் குட்டிக்கும் நேர்ந்திருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். நிறைய பேர் சேர்ந்தால் புகாருக்கு வலு கூடும்.