ஸ்காட் பில்கிரிம்: கறுப்பு-வெள்ளையா, வண்ணமா?

பிரையன் லீ ஓ'மாலி எழுதி வரைந்த ‘ஸ்காட் பில்கிரிம்’ கிராஃபிக் நாவல் தொடரின் ஆறு பாகங்களும், 2004 முதல் 2010 வரை, ஓனி பிரஸ் வெளியீடாகக் கறுப்பு-வெள்ளையில், மாங்கா எனப்படும் ஜப்பானிய காமிக்ஸ் புத்தகம் போலக் கைக்கு அடக்கமான அளவில் வந்தன. பின்னர் 2012க்கும் 2015க்கும் இடையில் நேதன் ஃபேர்பேர்ன் நிறம் தீட்ட, அதே ஆறும் சற்றுப் பெரிய அளவில், கெட்டி அட்டையுடன் மீண்டும் வெளியாயின. லயன், முத்து காமிக்ஸ் வாசித்து வளர்ந்த நமக்கு இது தலைகீழான சங்கதி: ஐரோப்பியர் வண்ணத்தில் வரைந்த காமிக்ஸ் ஆல்பங்களை நாம் கறுப்பு-வெள்ளையில் படித்துப் பழகினோம், இங்கோ கறுப்பு-வெள்ளைக்காகவே வரைந்த படங்களின் மேல் பிறகு நிறம் ஏறியிருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர் எதைக் கையில் எடுப்பது என்று கேட்டால், பழைய பதிப்பைத்தான் சொல்வேன். ஆனால் அதில் ஒரு தொல்லை இருப்பதை மறைக்க மாட்டேன்.

கதை கனடாவின் டொராண்டோவில் நடக்கிறது. ஸ்காட்டுக்கு வயது 23, வேலை கிடையாது, ஓர் இசைக்குழுவில் பேஸ் கிடார் வாசிக்கிறான், பள்ளியில் படிக்கும் 17 வயது நைவ்ஸ் சாவோடு சுற்றிக்கொண்டிருக்கும்போதே, ரோலர் ஸ்கேட்டில் பார்சல் கொண்டுவந்து தரும் ரமோனா ஃப்ளவர்ஸ் மீது காதல் கொள்கிறான். அவளோடு பழக வேண்டுமென்றால் அவளுடைய முன்னாள் காதலர்கள் ஏழு பேரை அவன் சண்டையிட்டு வெல்ல வேண்டும். தோற்றவர் வீடியோ கேமில் போலவே நாணயங்களாகச் சிதறி மறைகிறார்.

முதல் பாகத்தின் பெரும்பகுதியில் சண்டையே கிடையாது. பனி பெய்யும் தெருக்கள், ஒத்திகை அறை, நண்பர்களின் கேலி என்றுதான் பக்கங்கள் நகர்கின்றன. ஸ்காட்டும் அவனுடைய அறைத்தோழன் வாலஸ் வெல்ஸும் ஒரே மெத்தையில் உறங்கும் சிறு வீட்டைக் காட்டும் கட்டத்தில், ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் அது யாருடையது என்று குறித்திருக்கிறது. ஏறக்குறைய எல்லாமே வாலஸுடையவை. ஒரு மனிதன் பிறர் தயவில் காலம் தள்ளுவதை இதைவிடச் சிக்கனமாக எப்படிச் சொல்வது? இப்படி நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும் கதையில், இசை நிகழ்ச்சிக்கு நடுவே கூரையைப் பிளந்துகொண்டு அந்த ஏழு பேரில் முதலாமவனான மேத்யூ படேல் குதிக்கிறான். சண்டை தொடங்குகிறது, அதற்கு நடுவில் படேல் துணைக்கு ஆட்களை வரவழைத்துப் பாடவும் ஆரம்பித்துவிடுகிறான். அடிதடிக்கு இடையில் பாட்டு வருவது நமக்கு ஒன்றும் புதிதல்ல என்பதால், தமிழ் வாசகர் இந்தக் கட்டத்தை கனடா வாசகரைவிட எளிதாக ஏற்றுக்கொள்வார் என்று தோன்றுகிறது.

இந்தக் கட்டத்தில்தான் கறுப்பு-வெள்ளையின் பலம் தெரிகிறது. காபிக்கடையை வரைந்த அதே கோடும் அதே மையும்தான் மாயச் சண்டையையும் வரைகின்றன. அன்றாடம் எங்கே முடிந்தது, விளையாட்டு எங்கே தொடங்கியது என்று கண்ணுக்கு எந்த அறிவிப்பும் கிடைப்பதில்லை. பாத்திரங்களும் பெரிதாக வியப்பதில்லை. இத்தொடரின் நகைச்சுவை முழுக்க அந்த வியப்பின்மையில் இருக்கிறது. வண்ணப் பதிப்பில் சண்டைப் பக்கம் தன் நிறத்தால் முன்கூட்டியே குரல் கொடுத்துவிடுகிறது. பனியும் அப்படித்தான்: பழைய பதிப்பில் வெற்றுத் தாளே பனியாக நிற்கிறது, ஸ்காட்டும் ரமோனாவும் இரவில் நடந்துபோகும் பக்கங்களின் அமைதி அதனால் வருவது. நான்காம் பாகம் மட்டும் கோடைக் கடற்கரையில் சில வண்ணப் பக்கங்களோடு தொடங்கும். கறுப்பு-வெள்ளையில் மூன்று பாகங்கள் கடந்து வந்தவருக்கு அந்தப் பக்கங்கள் உண்மையிலேயே வெயிலடிக்கும். வண்ணப் பதிப்பை வாசிப்பவருக்கு அவை இன்னும் சில பக்கங்கள், அவ்வளவுதான்.

இனி அந்தத் தொல்லை. ஆரம்பப் பாகங்களில் ஓ'மாலியின் முகங்கள் ஒன்றுபோலவே இருக்கும். பெரிய கண்கள், சிறிய மூக்கு, தலைமுடிதான் அடையாளம். ரமோனாவோ அடிக்கடி முடியின் நிறத்தை மாற்றுபவள். கூட்டமான காட்சியில் பேசுவது யார் என்று நான் இரண்டு முறை பின்னால் புரட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. ஃபேர்பேர்ன் இந்தச் சிக்கலை அநேகமாகத் தீர்த்துவிட்டார். நிறம் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். பின்னிணைப்பாக ஓவியரின் குறிப்புகளும் மாதிரி ஓவியங்களும் வேறு உள்ளன. டொராண்டோவில் வாழும் நம்மவர்களுக்கு வண்ணத்தில் தனி ஈர்ப்பும் இருக்கக்கூடும். மூன்றாம் பாகத்தில் வரும் ஆனஸ்ட் எட்ஸ் கடை 2016 இறுதியில் மூடப்பட்டுவிட்ட நிலையில், அதை அங்கே மறுபடி பார்க்கலாம்.

புத்தகத்துக்குப் பதிலாகப் படத்தைப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. எட்கர் ரைட் இயக்கிய 2010ஆம் ஆண்டுப் படம் துடிப்பானது, வசூலில் தோற்றாலும் பின்னர் ரசிகர்களைச் சேர்த்துக்கொண்டது. எனினும் ஆறு பாகங்களை இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கியதில் முதலில் அடிபட்டது கடைசி இரண்டு பாகங்கள்தான். தன்னை நல்லவனாகவே நினைவில் வைத்திருந்த ஸ்காட், பழைய தோழி கிம் பைனுக்கும் பிறருக்கும் தான் செய்தவற்றைத் தன் நிழலுருவான எதிர்-ஸ்காட்டோடு ஒன்றாகும்போது உணரும் பகுதி ஆறாம் பாகத்தின் உயிர். படத்தில் அந்த நிழலுரு ஒரு வேடிக்கையாக வந்து போய்விடுகிறது. 2023இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த எட்டு அத்தியாய அனிமே (ஜப்பானியப் பாணி அனிமேஷன் தொடர்) முதல் அத்தியாயத்திலேயே கதையை வேறு பாதையில் திருப்பிவிடுவதால், புத்தகம் படிக்காதவருக்கு அதன் குறும்பில் பாதி புரியாது.

ஆகவே என் வரிசை இது: முதலில் கறுப்பு-வெள்ளை ஆறும், அடுத்து அனிமே, படம் விருப்பம்போல். வண்ணத்தில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஐந்தாம் பாகத்தை வாங்குங்கள். அடுத்தடுத்த விருந்துகளில் நண்பர் கூட்டத்துக்கு நடுவே ஸ்காட் ரோபோக்களோடு மல்லுக்கட்டும் அந்தப் பக்கங்களில், யார் எங்கே நிற்கிறார்கள் என்பது எனக்கு வண்ணத்தில்தான் முதன்முறையாகத் தெளிவாயிற்று.