லேப்ரடார் பெண் குட்டி, ‘பேப்பர் ஒரு மாசத்துல வந்துடும்’: ₹38,000 போச்சு

கோபம் அடங்காமல் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பத்தெட்டாயிரம் ரூபாய். லேப்ரடார் பெண் குட்டி, கேசிஐ (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) பேப்பரோடு, அதாவது வம்சாவளிப் பதிவுச் சான்றிதழோடு என்று சொல்லி வாங்கிய காசு. நேற்று சாயங்காலம் டாக்டர் ஸ்கேனரை வைத்தபோதுதான் முழுசாகத் தெரிந்தது: பேப்பர் மட்டுமில்லை, தோலுக்கடியில் அடையாள எண்ணோடு போடுகிற மைக்ரோசிப்பே இல்லை.

பெயர் எதுவும் போடவில்லை, கேஸ் போடப் போகிறேன். செல்லப்பிராணி வாங்க, விற்க என்றே இருக்கிற ஒரு விளம்பரத் தளம். அதில் ‘வெரிஃபைடு’ என்று பச்சை டிக் வாங்கிய ஒரு வீட்டு பிரீடர் (வீட்டிலேயே நாய்களை ஈன வைத்து விற்பவர்). இவ்வளவு போதும்.

விலை 45,000 சொன்னார். ‘பிரீடிங் டெர்ம்ஸ்’ல எடுத்தால் 38,000. இரண்டாவது ஹீட்டில் (இணை சேரும் பருவத்தில்) அவருடைய ஸ்டட்டோடு (ஆண் நாயோடு) சேர்க்க வேண்டும், முதல் ஈத்தில் இரண்டு குட்டி அவருக்கு, அதுவரை கருத்தடை ஆபரேஷன் கூடாது. இந்த மாதிரி ஏற்பாட்டில் தப்பே கிடையாது. அமெரிக்காவில் பிரீடர் ‘லிமிடெட்’ பதிவில் விற்றால் அந்த நாய்க்குப் பிறக்கும் குட்டிகளுக்குப் பதிவு கிடைக்காது. பிரிட்டனில் பதிவேட்டிலேயே தடை போடுவார்கள், ஆனால் விற்கும்போதோ அதற்கு முன்போ வாங்குபவர் அதை அறிந்ததாகக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். அங்கே நிபந்தனை பதிவோடு கட்டப்பட்டிருக்கிறது. இங்கே பதிவே இல்லாத நாய்க்கு நிபந்தனை போட்டிருக்கிறார் இந்த ஆள்.

நம்பியது எங்கே என்று சொல்கிறேன். பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்து தாய், தகப்பன் இரண்டுக்கும் கேசிஐ சர்டிஃபிகேட் ஜெராக்ஸ் காட்டினார். மூன்று தலைமுறைப் பெயர்கள், நடுவில் இரண்டு சாம்பியன்கள். அப்புறம் தடுப்பூசி அட்டையை எடுத்து 15 இலக்க பார்கோடு ஸ்டிக்கரை உரித்து ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். ‘சிப் போட்டாச்சு சார், இனிமே உங்க பொண்ணு.’ கவிழ்த்தது அந்த ஸ்டிக்கர்தான். சிப் ஊசி பாக்கெட்டோடு ஸ்டிக்கர்களும் தனியாக வரும். அதை அட்டையில் ஒட்ட, சிப் நாய்க்குள் போயிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

5,000 அட்வான்ஸ், மீதி 33,000 அன்றைக்கே ஜிபே. ஜிபேயில் வந்த பெயர் அவருடையது இல்லை. ‘மச்சான் நம்பர் சார்.’ சரி என்று தட்டிவிட்டேன்.

ஏப்ரலில் கேட்டால் ‘லிட்டர் ரிஜிஸ்டர் போட்டாச்சு, வந்துடும்’ (ஈத்தைப் பதிவு செய்தாயிற்றாம்). ஜூனில் ‘சைட் டவுன் சார்’. ஆகஸ்டில் ‘ஸ்டட் ஓனர் ஊர்ல இல்ல, அவர் சைன் வேணும்’. ஸ்டட் தன்னுடையது என்று சொல்லித்தானே டெர்ம்ஸ் பேசினார்? அதைக் கேட்டதும் இரண்டு மாதம் ப்ளூ டிக் மட்டும். கேசிஐ தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. விசாரித்தால், அந்தத் தாய் பெயரில் இப்படி ஒரு ஈத்தே பதிவில் இல்லை.

ஏன் பதிவுக்குப் போகவில்லை என்பது அந்த ஜெராக்ஸிலேயே இருந்தது. தாய் பிறந்தது 11-11-2023. அட்டையில் குட்டி பிறந்த தேதி 04-02-2025. சினைக்காலம் சுமார் 63 நாள், பின்னால் எண்ணினால் இணை சேர்த்தது 2024 டிசம்பர் 3 வாக்கில். தாய்க்கு அப்போது 13 மாதம்கூட நிறையவில்லை. 2017-இல் வந்த மத்திய அரசின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள்படி 18 மாதம் தாண்டிய நாயைத்தான் சேர்க்கலாம். ஆக, குட்டி பிறந்த அன்று தாய்க்குக் குறைந்தது 20 மாதம் ஆகியிருக்க வேண்டும். ஒரு நிமிடக் கணக்கு இது. இன்னொன்று, குட்டியைக் கொடுத்தது மார்ச் 25, அதாவது 49-ஆம் நாள். எட்டு வாரத்துக்கு முன் விற்கவே கூடாது.

இப்போது அவளுக்கு முதல் ஹீட். யாரிடமோ கேள்விப்பட்டு அவரே போன் செய்கிறார்: ‘அடுத்த ஹீட்டுக்கு ரெடி பண்ணிடலாம் சார், அக்ரிமென்ட் இருக்கே.’ அந்த வெள்ளைத்தாளை எடுத்துப் படித்தேன். அவருக்குச் சேர வேண்டியது எல்லாம் இருக்கிறது. பேப்பர் எந்தத் தேதிக்குள், பெயர் மாற்றத்துக்கு யார் கையெழுத்து, ஒரே குட்டி பிறந்தால் யாருக்கு, சிசேரியன் என்றால் செலவு யாருடையது, ஹிப் எக்ஸ்ரேயில் இடுப்பு சரியில்லை என்று வந்தால் என்ன, ஒரு வரி கிடையாது. லேபுக்கு இடுப்புக் கோளாறு பரம்பரையாக வரும். பொதுவாக ஒரு வயது ஆகும் முன் எக்ஸ்ரே பார்த்து இறுதித் தரம் போட மாட்டார்கள். அந்த ரிசல்ட் வருமுன்பே குட்டிகளைப் பங்கு பிரித்து எழுதிய புண்ணியவான்.

நேற்று கிளினிக்கில் தோள்பட்டைக்கு நடுவில் ஸ்கேனரை வைத்தார் டாக்டர். சத்தமே இல்லை. சிப் நகர்ந்திருக்கலாம் என்று கழுத்து, இரண்டு தோள், முன்னங்கால் முட்டி வரை மெதுவாக இரண்டு முறை தேய்த்தார். ஒன்றும் இல்லை. பிரீடருக்கு போன் போட்டால், ‘சில சமயம் சிப் வெளிய வந்துடும் சார்.’ அத்தோடு பிளாக். தளத்தில் புகார் கொடுத்தால், தாங்கள் விளம்பரம் மட்டுமே போடுகிறவர்களாம். பச்சை டிக்? அது போன் நம்பருக்கு மட்டுமாம். 38,000!

அவசரமாக நாலு வார்த்தை. காசு கொடுக்கும் முன் உங்கள் கண்முன் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், எண்ணை ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். தாயின் பிறந்த தேதியைக் கணக்குப் போடுங்கள். மாநில விலங்கு நல வாரியப் பதிவு எண் கேளுங்கள், ரசீது வாங்குங்கள். பேப்பர் வரும்வரை பாதிக் காசைப் பிடித்து வையுங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் ‘பிரீடிங் டெர்ம்ஸ்’ தாளைக் காட்டி ‘இது வியாபாரத்துக்கு வாங்கியது, இவர் நுகர்வோரே இல்லை’ என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். வக்கீலிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

இப்போதுதான் நண்பர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். அதே தளம், அதே பச்சை டிக், அதே தாய், அடுத்த ஹீட்டிலேயே அடுத்த ஈத்து. ‘கேசிஐ பேப்பர், மைக்ரோசிப்புடன், 42,000.’